வேலிப் பொட்டு வழியாக உள்ளே

காலை ஆறரைக்குத் திருகோணமலை நிலையத்திலிருந்து மூதூர் பஸ் வெளிக்கிட்டபோது எனக்கு யன்னலோர இருக்கை கிடைத்துவிட்டது. அன்றைக்கு நான் நினைத்தபடி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

போனது தோப்பூருக்கு. அதற்கும் அப்பால், ஒரு குளக்கட்டின் கீழே புதிதாகத் திறந்திருக்கிற 'பழைய ஊர்' ஒன்றைப் பார்க்க. உலக்கையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதன் கீழே 'உலக்கை' என்று எழுதி வைக்கிற அருங்காட்சியகம் இல்லை இது. வீடு, வேலி, மாடு, அடுப்பு எல்லாம் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்து உடுப்போடு ஆட்கள் அந்தக் காலத்து வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். நாங்கள் போய் அவர்களோடு இருந்து, சாப்பிட்டு, பின்னேரம் திரும்பலாம். போனில் ஒரு சின்னக் காணொளி பார்த்தேன். அந்த வாரமே போகாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. வரலாறு படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல சாட்டு வேறு என்ன வேண்டும்?

டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய். சீனக்குடா வரைக்கும் இடப்பக்கம் துறைமுகத் தண்ணீர் மரங்களுக்கிடையே வந்து வந்து போனது. கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். ஆடி மாதக் கச்சான் காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி குறிஞ்சாக்கேணிக்காரி. மடியில் ஒரு பை நிறைய மரக்கறி. எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"ஓ, காசு குடுத்துக் குடிசை பாக்கிற இடம்" என்றார். "எங்கட ஊட்டுக்கு வாங்க மகள். குசினி அடுப்பச் சும்மாவே பாக்கலாம். கூரை ஒழுகுறதையும் காட்டுறன்."

முன் இருக்கைக்காரர் சிரித்தார். கிண்ணியாவில் இறங்கும்போது அந்தப் பெண்மணி யன்னலில் தட்டி, "சாப்பாடு கிடைக்காட்டி நேரா வாங்க, என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூதூரில் இறங்கி வேறு பஸ், அறுபது ரூபாய். தோப்பூர்ச் சந்தையடியிலிருந்து ஓட்டோ நானூறு. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னர் போய்ச் சேர்ந்தேன். அறுவடை முடிந்த வயல், அதற்கங்கால் குளக்கட்டு, கட்டின் கீழே மூன்று ஓலைக் கூரைகள். மதில் இல்லை, பெரிய பலகை இல்லை. நுழைவுச்சீட்டு முந்நூறு ரூபாய் என்று சொன்ன பெடியன்தான் முகாமையாளரும்.

"உள்ளுக்க போன் எடுக்கப்படாது அக்கா. இந்தக் காலத்துக் கதையும் கேக்கப்படாது. கேட்டாலும் அவையள் சொல்லமாட்டினம். சம்பளத்துக்கு அதுதான் கொண்டிசன்" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தில் எனக்கு ஆசை இன்னும் ஏறிவிட்டது. இந்த வீடுகளைப் புத்தகம் பார்த்துக் கட்டவில்லையாம். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓடி, திரும்பிப் போக ஊரே இல்லாமல் போனவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய வீடு எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு, சொன்னது சொன்னபடி கட்டியிருக்கிறார்கள். அடுப்பு எந்தப் பக்கம், கிணறு எவ்வளவு தூரம், வேலி எந்த மரத்தோடு முட்டுகிறது, எல்லாம். முதலாவது வீட்டைச் சொன்னவ அந்த வீட்டிலேயே வேலைக்கும் இருக்கிறாவாம். எப்படியான யோசனை பாருங்கள்!

மாட்டு வண்டியில் ஏற்றிப் போனவர் கிண்ணியா நசீர் நானா. வண்டியில் ஏறின கையோடு வைக்கோலுக்குள் ஒளித்திருந்த போனை எடுத்து நேரம் பார்த்தார். நான் பார்த்துவிட்டதைக் கண்டு, "இது அந்தக் காலத்துத் தீப்பெட்டி மகள்" என்றார். "இஞ்ச சிக்னலும் சரியா இல்ல. கட்டுக்கு மேல ஏறினாத்தான் கதைக்க ஏலும்."

பாதையில் நட்டிருந்த அம்புக்குறிகளின்படி போனால் முதல் வீட்டின் பின்னிய தென்னோலைக் கிடுகு வேலிக்கு வருவோம். வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையக்கூடிய திறப்பு. இருவர் சேர்ந்து போகலாம், அவ்வளவு அகலம். பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் வழி. மாடுகள் அதற்கு இப்பால் நின்றுவிட்டன. நானா அதட்டவுமில்லை, கயிற்றை இழுக்கவுமில்லை.

"நீங்க இதால போங்க மகள். நான் சுத்தி வாசல் படலையால வாறன்."

"ஏன், நீங்கள் இதால வரமாட்டீங்களோ?"

"மாடு போகாது."

"மாடு வேண்டாம், நீங்கள்?"

அவர் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

பொட்டுக்குள் நுழையும்போது பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது பின்னால் நிற்பவருக்கு ஒதுங்கிக் கொடுப்போமே, அப்படி என் உடம்பு தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மணல், வெயில், தூரத்தில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. என்னை நானே பார்த்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போனேன்.

வீட்டுக்காரி தவமணி. நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். குறுக்குக் கட்டு இல்லை, பழைய நூல் சேலைதான்; கையில் வெங்காயம் உரித்த மணம்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்று பாயை விரித்தா. பிறகு சாதாரணமாக, "வரேக்க வெளியில ஆரும் நிண்டவையோ?" என்று கேட்டா.

"இல்லை. ஏன்?"

"இல்லை, சும்மா."

இதுவும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மண் சுவர், சாணி மெழுகின நிலம், உறியில் சட்டி, மூலையில் நெல்லுப் பெட்டி. தவமணி குரக்கன் திரித்தா, நானும் திரித்தேன். கை நோக, அவ பிடுங்கி எடுத்துக்கொண்டா. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னா. வேலிப் பொட்டின் உள்பக்கம் ஒரு செம்பில் தண்ணீர் இருந்தது.

"இது என்னத்துக்கு?"

"அப்பா கால் கழுவ."

எனக்குப் புல்லரித்தது, சந்தோஷத்தில். வீட்டுக்குள் வராத ஆளுக்கும் தண்ணீர் வைக்கிற அளவுக்கு நுணுக்கம்! வெளிநாட்டு அருங்காட்சியகங்களில்கூட இப்படி இருக்குமோ என்று யோசித்தேன்.

பதினொரு மணிபோல ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். கோழியைக் கலைத்தார்கள், உரலில் ஏறினார்கள், கிணற்றுக்குள் கூப்பிட்டு எதிரொலி கேட்டார்கள். ஆசிரியை களைத்துப்போய் எங்களோடு வந்து இருந்தா. புறப்படும்போது தவமணியிடம் சொன்னா:

"எல்லாரும் வடிவாச் செய்யிறீங்கள். ஆனா வேலியடியில நிக்கிற ஐயாதான் திறம். பிள்ளைகள் எவ்வளவு கதை குடுத்தும் வாய் திறக்கேல்லை."

தவமணியின் கை திரிகைப் பிடியில் நின்றது.

"எந்தப் பக்கம் நிண்டவர் ரீச்சர்? உள்ளையோ, வெளியிலயோ?"

"வெளியில. பொட்டுக்கு அங்கால."

"உள்ள வரேல்லை?"

"இல்லை. அப்பிடியே நிண்டவர்."

"முகம் எப்பிடி?"

ஆசிரியை சிரித்தா. "வெயில் கண்ணில குத்திச்சுது. முகத்தை வடிவாப் பாக்கேல்லை. ஏன், உங்கட ஆள்தானே?"

"ஓம்" என்றா தவமணி. "எங்கட ஆள்தான்."

பிள்ளைகள் போன பிறகு நான் பொட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. நசீர் நானாவிடம், இங்கே எத்தனை பேர் வேலை என்று கேட்டேன். தவமணி, தான், மற்ற வீடுகளில் இருக்கிற இரண்டு பெண்கள் என்று சொன்னார். "ஐயா ஒருத்தரும் இல்லையோ?" என்றேன். "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேட்டார்.

சாப்பாடு நானூற்றைம்பது. குளத்து விரால் குழம்பு, குரக்கன் பிட்டு, முருங்கையிலைச் சுண்டல். நல்ல ருசி என்று நினைக்கிறேன். என் கவனம் முழுக்க வேலியில் இருந்தது.

ஒரு மணி தாண்டியதும் படலைப் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தோளில் ஒரு கட்டுக் கிடுகோடு உள்ளே வந்தவர் தவமணியின் அண்ணன் யோகன். தோப்பூரில் வயல் செய்கிறவர். சேட்டும் காற்சட்டையும், இந்தக் காலத்து ஆள். தவமணி அவரைக் கண்டதும் எழும்பி, பொட்டுக்கு முன்னால் போய் நின்றா. கொண்டிசன் எல்லாம் அதோடு போயிற்று.

"அண்ணை, நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன். ஏலாது."

"தவம், விடிய நாலு மணிக்குச் சுஜானிக்கு நோ தொடங்கிட்டுது. மூதூர் ஆசுப்பத்திரியில விட்டிட்டு நேரா இஞ்ச வாறன்."

சுஜானி அவருடைய மகள். அவளுக்கு இது தலைப்பிள்ளைப் பேறு. தாய் இல்லாத பிள்ளை, தவமணிதான் வளர்த்தவ. இதை நான் அவர்கள் பேசிய பேச்சிலிருந்து விளங்கிக்கொண்டேன். மிச்சத்தை யோகன் என்னிடமே சொன்னார், நான் நியாயம் தீர்க்க வந்தவள் மாதிரி.

"கேளுங்கோ பிள்ளை. எங்கட அப்பா காய்ச்சலில செத்தவர். செத்தது பஞ்சமியில. பஞ்சமியில செத்தால் படலையால பிரேதம் எடுக்கிறேல்லை. வேலியை வெட்டி, அதால கொண்டு போவினம். சுடலையால ஆக்கள் திரும்ப முந்தி வெட்டின இடத்தை அடைச்சுப்போடவேணும். போனவருக்குத் திரும்பி வர வழி தெரியக்கூடாது. வெட்டினது நான். எனக்குப் பதின்மூண்டு வயது. முன்னால ஓடிவந்து அடைக்கிறதும் என்ர பொறுப்பு. சுடலையில நிக்கேக்கயே வெடி கேட்டுது. வீட்டுக்குத் திரும்பவே இல்லை. நிண்ட உடுப்போட ஓடினம்."

"அப்ப வேலி?"

"ஆர் அடைக்கிறது? ஊரே இல்லை. பிறகு இவை வந்து தவத்திட்ட வீடு எப்பிடி எண்டு கேட்டிருக்கினம். இவ சின்னப்பிள்ளை அப்ப. கடைசியாப் பாத்த வேலியில பொட்டு இருந்தது. அதையும் சேத்துச் சொல்லியிருக்கிறா. அவையும் கட்டிப்போட்டினம். அதோட விட்டால் பரவாயில்லை. சனத்தையெல்லாம் அதுக்குள்ளால விடுகினம்."

நான் காலையில் ஒதுங்கி நின்ற இடத்தைப் பார்த்தேன். என் கால் தானாக இன்னொரு அடி பின்னே போயிற்று. நாங்கள் கத்தோலிக்கர், பஞ்சமி என்பது எங்கள் வீட்டில் கலண்டரில் இருக்கிற ஒரு சொல், அவ்வளவுதான். ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை.

"பஞ்சமியில போனவர் தன்னோட ஆக்களையும் இழுப்பாராம்" என்றார் யோகன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கட அப்பா ஒருத்தரையும் இழுக்கமாட்டார்."

"எனக்கும் தெரியும். எண்டாலும் இண்டைக்கு என்ர பிள்ளை அங்க கிடக்குது."

முகாமையாளர் பெடியனிடம் போய்க் கேட்டோம். நாலு மணிக்குப் பிறகு என்ன வேண்டுமென்றாலும் செய்யுங்கள், அம்புக்குறியைப் படலைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அது தவமணியக்கா சொல்லிக் கட்டின வேலி, அவ ஓம் என்றால்தான் என்று சொல்லிவிட்டார். ஆக, எல்லாம் தவமணியின் வாயில் வந்து நின்றது.

அவ செம்பில் புதுத் தண்ணீர் மாற்றி வைத்துவிட்டு, பொட்டைப் பார்த்தபடி நிலத்தில் இருந்தா. யோகன் கிணற்றடியில் கிடுகுகளை நனைத்தார். நான் அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"எனக்கு அவற்ற முகம் நினைவில்லை பிள்ளை" என்று அவவாகவே சொன்னா. "படம் ஒண்டும் இல்லை. எல்லாம் வீட்டோட போச்சு. வேலி நினைவிருக்கு, உறி நினைவிருக்கு, அவற்ற சால்வை நினைவிருக்கு. முகம் வரேல்லை. இந்த வீடு கட்டி முடிஞ்ச நாள் தொடக்கம் பின்னேரத்தில அங்கால இருமல் கேக்குது. வாற சனம் சொல்லுகினம், ஐயா நிக்கிறார் எண்டு. நான் போய்ப் பாத்தால் இல்லை. ஒருக்கா உள்ள வந்தால் பாத்திடுவன். ஒருக்காத்தான். அதுக்குப் பிறகு அடைக்கட்டும்."

மூன்று மணிக்குக் கச்சான் முழு வேகத்தில் வீசியது. கிடுகு வேலி முழுக்கச் சரசரவென்று ஒரே இரைச்சல். பொட்டுக்கு அங்கால் மணல் எழும்பி எழும்பி விழுந்தது. தவமணி கண் இமைக்கவில்லை. ஒரு தடவை அவவின் கழுத்து மெல்ல நீண்டது, நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கோழி ஒன்று பொட்டுவரை போய், நின்று, வளைந்து திரும்பி வந்தது.

நாலு மணியாயிற்று. கிணற்றடியிலிருந்து யோகன் பார்த்துக்கொண்டே நின்றார்.

தவமணி எழும்பினா. செம்பை எடுத்து, தண்ணீரைப் பொட்டின் வாசலில் மெல்ல ஊற்றினா.

"சுஜானியின்ர முகம் எனக்கு நினைவிருக்கு" என்றா. "கிடுகைத் தாங்கோ அண்ணை."

வேலி அடைப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அது தனி ஆளின் வேலை இல்லை. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நிற்கவேண்டும். குத்தூசி என்பது காது வைத்த நீளக் கம்பு. அதில் கயிற்றைக் கோத்து உள்ளே நிற்கிறவர் கிடுகுக்குள்ளால் குத்தி அனுப்புவார், வெளியே நிற்கிறவர் இழுத்து, குறுக்குத் தடிக்கு மற்றப் பக்கத்தால் திரும்பக் குத்தி அனுப்புவார், உள்ளே முடிச்சு. யோகன் பொட்டுக்குள்ளால் வெளியே போய் நின்றார். உள்ளே தவமணி. கிடுகு சரியாமல் பிடித்துக்கொண்டு நான். நசீர் நானா முற்றத்தில் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கீழிருந்து மேலே. முதல் வரிசையில் யோகன் குத்தி அனுப்பின ஊசி தவமணியின் விரலுக்குக் கிட்ட வந்தது.

"அண்ணை, கையில குத்தப்போறீங்கள். கண்ணைத் திறந்து குத்துங்கோ."

"காத்துக்கு ஒண்டும் தெரியேல்லை. இழு, இழு."

"வயல் வெட்டுற ஆளுக்கு வேலி கட்டத் தெரியேல்லை."

"நீ கட்டன் அப்ப வெளியில வந்து."

இப்படி இரண்டு வரிசை போயிற்று. அடுத்த கிடுகை நான் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்ததும் வெளியே நின்றவர் எங்களுக்குத் தெரியவில்லை. காற்றின் இரைச்சலில் பேச்சும் நின்றுபோயிற்று. தவமணி குத்தினா, அங்கால் இழுத்தது. திரும்பி வந்த ஊசி இந்த முறை தடிக்குச் சரி கீழே, சரியான இடத்தில், மெதுவாக முனை காட்டியது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கயிறு இறுக்கவேண்டிய அளவுக்கு இறுகி, விடவேண்டிய நேரத்தில் விட்டது. தவமணி பகிடி பண்ணுவதை நிறுத்திவிட்டா. நான் அவவின் முகத்தைப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்கவில்லை. அவவின் கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

கடைசி வரிசை. ஊசி போய், திரும்பி வந்தது. தவமணி முனையைப் பிடித்தா, இழுக்கவில்லை. பிடித்தபடி நின்றா. அங்காலும் விடவில்லை. வேலி முழுக்கக் காற்றில் ஆட, அந்த ஊசி மட்டும் ஆடாமல் நின்றது. பிறகு அங்காலிருந்து மெல்ல விட்டது. அவ இழுத்து, முடிச்சுப் போட்டு, கயிற்றைப் பல்லால் கடித்தா.

நாங்கள் படலையால் சுற்றி வெளியே போனோம். வேலிக்கு அங்கால் ஆள் இல்லை. கச்சான் மணலைத் துடைத்து வைத்திருந்தது. தூரத்தில் குளக்கட்டிலிருந்து யோகன் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் போன், மற்றக் கையால் சாரத்தைப் பிடிப்பவர் மாதிரிக் காற்சட்டையைப் பிடித்திருந்தார்.

"பெட்டை!" என்றார், மூச்சு வாங்க. "பெட்டைப்பிள்ளை. ரண்டு பேரும் சுகமாம்."

தவமணி வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டா.

"போன் ஒருக்கா அதிர்ந்து நிண்டுது தவம். நம்பர் ஆசுப்பத்திரி எண்டு கண்டவுடன, ரண்டாவது வரிசையோட விட்டிட்டுக் கட்டுக்கு ஓடினன். கூப்பிட்டனான், உனக்குக் கேக்கேல்லைப் போல. இப்ப வந்து கட்டுவம் எண்டு..." அவர் வேலியைப் பார்த்தார். மேல்வரை பார்த்தார். "முடிச்சிட்டீங்களே. வெளியில ஆர் நிண்டது?"

தவமணி கதியாலிலிருந்து கையை எடுத்து என் தோளில் வைத்தா.

"இந்தப் பிள்ளைதான்" என்றா தவமணி. "இவதான் வெளியில வந்து நிண்டவ."

யோகன் என்னைப் பார்த்தார். நான் "ஓம்" என்றேன்.

"பெரிய உபகாரம் பிள்ளை. புதுக் கயிறு, பொல்லாதது. கையை வெட்டேல்லையோ?" என்று என் கையைப் பிடிக்க வந்தார். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன். "இல்லை அண்ணை" என்றேன்.

அவர் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். தவமணி அடைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றா.

"உள்ள வரவெண்டு நிக்கேல்லைப் பிள்ளை அவர்" என்றா மெல்ல. "ஆராவது அடைப்பினமோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். இவ்வளவு வருசமும்."

பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பழைய காலத்துச் சேலையோடேயே அண்ணனுக்குப் பின்னால் ஏறி, பேத்தியைப் பார்க்கப் போனா.

எனக்குத் தோப்பூரில் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் கிடைத்தது. மூதூர், கிண்ணியா, பாலம். துறைமுகத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. யன்னலோர இருக்கைகள் பல வெறுமையாக இருந்தும் நான் நடுவில் ஆட்களோடு இருந்தேன்.

சாம்பல்தீவில் எங்கள் வீட்டுக்கும் ஒரு காலத்தில் கிடுகு வேலிதான் என்று சொல்வார்கள். இப்போது சீமெந்துக் கல் மதில். ஒரே ஒரு மேசன் வந்து, உள்பக்கம் நின்றே கட்டி முடித்துவிட்டுப் போனார். மதிலுக்கு அங்கால் ஆள் தேவைப்படவில்லை. அம்மா கேற்றைத் திறந்துவிட்டு, வழக்கம்போலத் திரும்பி உள்ளே நடந்தா. நான் முன்னால் போய் நின்று அவவின் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. எப்போது விழுந்த வெட்டு என்று எனக்குத் தெரியாது.

"என்னடி பாக்கிறாய்? பசிக்குதோ?"

"ஓம்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.